வெளியே நிற்கும் மூத்த மகன்

தியானப் பகுதி: லூக்கா 15:25–32



கெட்ட குமாரன் உவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பன்றிகளைப் பற்றிப் பேசுகிறோம்; தகப்பனின் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்; மோதிரத்துக்கும் பாதரட்சைக்கும் கொழுத்த கன்றுக்கும் தனித்தனியே பொருள் கூறுகிறோம். ஆனால் மூத்த மகனின் காட்சி எதில் தொடங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. வயலிலிருந்து திரும்பி வருகிறவனுக்கு முதலில் எட்டுவது ஓர் ஓசை. வாத்திய இசையும் ஆட்டமும் அவனுடைய தகப்பன் வீட்டிலிருந்தே கேட்கின்றன. சொந்த வீட்டில் இசை கேட்டால் உள்ளே ஓடிப் பார்ப்பதுதானே மகனுக்கு இயல்பு? அவன் போகவில்லை. வெளியே நின்றபடி ஒரு வேலைக்காரனை அழைத்து விசாரிக்கிறான். விசாரித்து அறிந்த பின்பு கோபங்கொண்டு, உள்ளே போக மனமில்லாமல் நின்றுவிடுகிறான்.

ராக் இசையைக் குறித்து நம் சபைகள் பெரும்பாலும் எடுத்திருக்கும் நிலை இதுவே என்பது என் வாதம். ஒரு வகையில் நம் நிலை அவனுடையதைவிடவும் மோசம். அவன் விசாரிக்கவாவது செய்தான். நாம் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதுகிறோம்.

அண்மைக் காலத்தில் நம் வட்டாரத்தில் கைக்குக் கை மாறிவரும் ஒரு கைப்பிரதியே இதை எழுதத் தூண்டியது. அதை அச்சிட்டவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்களுடைய வைராக்கியத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை வாசித்த பெற்றோர் சிலர் பிள்ளைகளின் அறைக்குள் புகுந்து, அங்கே ஒட்டியிருந்த படங்களைக் கிழித்திருக்கிறார்கள். சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. தறிக்குழியில் கால் மிதித்துக்கொண்டே காதில் கிதார் இசை கேட்கும் ஒரு வாலிபன் கெட்டுப்போய்விட்டான் என்று அவனுடைய தாய் அழுகிறார். குடிக்காத பிள்ளை அவன். கூலியை வீட்டில் கொடுக்கிற பிள்ளை. ஒரு துண்டுக் காகிதம் ஒரு தாயை மகனிடமிருந்து பிரிக்குமானால், அக்காகிதத்தில் இருப்பது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கும் கடமை மேய்ப்பனுக்கு உண்டு. ஆகவே சோதிப்போம்.

முதல் குற்றச்சாட்டு: லூசிபர் பரலோகத்தின் இசைத் தலைவனாயிருந்து விழுந்தவன், ஆகவே இவ்விசை அவனுடையது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எசேக்கியேல் 28:13. அவ்வதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அது தீருவின் அதிபதிக்கும் ராஜாவுக்கும் விரோதமான தீர்க்கதரிசனம். செல்வத்தால் செருக்குற்ற ஒரு வணிகப் பேரரசைப் பற்றிய புலம்பல். அதில் சாத்தானின் வீழ்ச்சியின் நிழலைக் கண்ட வியாக்கியானிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இசைத் தலைவன் என்ற பதவி அவ்வதிகாரத்தில் எங்கும் இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே மேளவாத்தியமும் நாகசுரமும் வருகின்றன. அவ்விடத்து எபிரெயச் சொற்களின் பொருள் உறுதியற்றது. இரத்தினங்கள் பதிக்கும் குழிகளையும் வேலைப்பாட்டையுமே அவை குறிப்பதாகப் பல மொழிபெயர்ப்பாளர் கொள்கின்றனர். தமிழ் வாசகத்தையே அப்படியே எடுத்துக்கொண்டாலும், அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது கிதார் அல்ல, நாகசுரம். அப்படியானால் நம் கலியாண வீட்டு நாயனத்தை அல்லவா முதலில் நிறுத்த வேண்டும்?

இன்னொரு ஆதாரம் ஆதியாகமம் 4:21. வாத்தியக்காரரின் தகப்பனாகிய யூபால் காயீனின் வம்சத்தான். ஆதலால் வாத்தியமே சபிக்கப்பட்டது என்கிறார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டாமா? பித்தளை, இரும்பு வேலைக்காரருக்கு முன்னோடியான தூபால்காயீனும் அதே வீட்டுப் பிள்ளைதான். கூடாரத்தில் வாழ்ந்து மந்தை மேய்ப்போரின் தகப்பனான யாபாலும் அவர்களுடைய சகோதரனே. காயீனின் வம்சத்தில் வந்தது என்பதற்காக வீணையை எறிய வேண்டுமானால், சமையலறை அரிவாள்மணையையும் மாட்டுத் தொழுவத்தையும் சேர்த்தே எறிய வேண்டும். தாவீது சுரமண்டலத்தை எறியவில்லை. சவுலைக் கலங்கப்பண்ணிய ஆவி அதன் ஓசையில் விலகிற்று என்று 1 சாமுவேல் 16 கூறுகிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு: இப்பாடல்களைப் பின்னோக்கிச் சுழலவிட்டால் சாத்தானின் செய்தி கேட்கும். இப்பேச்சு அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் பரவியது. நம் கைப்பிரதிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை ஒரு நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1985இல் நெவாடா மாநிலத்தில் இரு வாலிபர் தங்களையே சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் அன்றே இறந்தார், மற்றவர் சில ஆண்டுகள் கழித்து இறந்தார். ஜூடாஸ் பிரீஸ்ட் என்னும் குழுவின் பாடலில் மறைந்திருந்த கட்டளையே காரணம் என்று குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1990இல் ரீனோ நகரில் விசாரணை நடந்தது. நீதிபதி குழுவுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க மறுத்துவிட்டார். அவ்விசாரணையில் அந்த வாலிபர்களின் வீட்டுச் சூழலும் மதுவும் போதைப்பொருளும் பேசப்பட்டன. கவனியுங்கள், பிரியமானவர்களே. பாடலைத் தலைகீழாகச் சுழற்றிக் கேட்க ஆயத்தமாயிருக்கும் நாம், பிள்ளைகள் நேராகப் பேசுவதைக் கேட்க ஆயத்தமாயிருக்கிறோமா? ஒரு வாலிபன் நம்பிக்கையிழந்து நிற்கும்போது, அவன் கேட்ட பாட்டின்மேல் பழியைப் போட்டுவிடுவது மூத்தோருக்கு மிகவும் வசதியானது. அது நம்மை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

மூன்றாவது, கைப்பிரதியின் கட்டளை: எரித்துவிடுங்கள். அப்போஸ்தலர் 19:19 துணைக்கு அழைக்கப்படுகிறது. எபேசு பட்டணத்தில் மாயவித்தைப் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. உண்மைதான். ஆனால் எரித்தவர்கள் யார்? விசுவாசித்து, தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டவர்கள். எரிக்கப்பட்டவை எவருடையவை? அவர்களுடையவையே. எபேசியர் தங்கள் புத்தகங்களை எரித்தார்கள். பிள்ளைகளின் பெட்டியைத் திறந்து எரிக்கவில்லை. பவுலும் அவர்களை எரிக்கச் சொன்னதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

பிறருடையதை எரித்தவர்களின் வரலாறும் உண்டு. 1966 மார்ச்சில் லண்டன் நாளேடு ஒன்றில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், தம் குழு இயேசுவைவிடப் பிரபலமாகிவிட்டது என்ற கருத்துப்படப் பேசியது வெளிவந்தது. இங்கிலாந்தில் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஐந்து மாதம் கழித்து அமெரிக்க இதழ் ஒன்று அதை எடுத்துப் போட்டதும் தென் மாநிலங்களில் தீ மூண்டது. சிறுவர் சிறுமியர் தங்கள் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து எரிக்குமாறு தூண்டப்பட்டனர். டெக்சாசின் லாங்வியூ நகரில் ஆகஸ்ட் 13 அன்று ஒரு வானொலி நிலையமே எரிப்புக்கு ஏற்பாடு செய்தது. மறுநாள் அந்நிலையத்தின் கோபுரத்தில் மின்னல் விழுந்தது. மின்னலைத் தேவ தீர்ப்பாக வாசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அப்படி வாசிக்கப் பழகியவர்கள் இதையும் ஒருமுறை வாசிக்கட்டும். லெனன் சொன்னது செருக்கான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி இருந்தது: எங்கள் வாலிபர் ஏன் சபையைவிட அவரை நேசிக்கிறார்கள்? அக்கேள்விக்கு விடை தேடாமல் எரிமேடை கட்டினோம். எரேமியாவின் சுருளைத் துண்டு துண்டாக வெட்டிக் குளிர்காயும் நெருப்பில் போட்ட யோயாக்கீமும் அதைத்தான் செய்தான். அதனால் எரேமியாவின் வார்த்தை பொய்யாகிவிடவில்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இவ்விசை யாருடைய பிள்ளை?

1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ரோசெட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண் பிறந்தார். அவருடைய தாய் பெந்தெகொஸ்தே சபையொன்றின் சுவிசேஷகி. அச்சிறுமி எழுப்புதல் கூட்டங்களில் தாயின் பக்கத்தில் நின்று கிதார் வாசித்துப் பாடி வளர்ந்தார். பிற்காலத்தில் மின்கிதாரைக் கையில் எடுத்து, சுவிசேஷப் பாடல்களை அவர் வாசித்த விதமே ராக் இசைக்கு வித்தாயிற்று. 1944இல் அவர் பதிவுசெய்த ஓர் ஆவிக்குரிய பாடலை முதல் ராக் இசைத்தட்டுகளில் ஒன்றாக எண்ணுவோர் உண்டு. ஆராதனையில் வாசித்ததையே இரவு விடுதியிலும் வாசித்தார் என்பதற்காகச் சபையார் பலர் அவரைப் புறக்கணித்தனர். உலகமோ அவரிடமிருந்து கற்றது. அவர் 1973இல் மரித்தார்; ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல்.

எல்விஸ் பிரெஸ்லி டூபிலோ நகரில் அசெம்பிளி ஆஃப் காட் சபையின் இருக்கையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. போட்டியில் அவர் வென்ற கிராமி விருதுகள் மூன்று. மூன்றும் கிறிஸ்தவப் பாடல்களுக்கே கிடைத்தன. லிட்டில் ரிச்சர்ட் 1957இல் புகழின் உச்சியில் மேடையை விட்டு விலகி, அலபாமாவில் ஒரு கல்லூரியில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். ராக் இசை நரகத்திலிருந்து ஏறிவந்தது என்று கைப்பிரதி கூறுகிறது. வரலாறு கூறுவது வேறு: அது சபையின் இருக்கையிலிருந்து எழுந்து வெளியே போனது. தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போன இளைய மகன் அது. அங்கே ஆஸ்தியை அழித்ததும் உண்மை. ஆனால் தூரதேசத்தில் இருந்தபோதும் அவன் மகன் என்ற பெயரை இழக்கவில்லை. தகப்பன் அவனை அந்நியன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் துணிந்தவன் அண்ணன் மட்டுமே. அவனும் தம்பி என்று சொல்லாமல் தகப்பனிடம் உம்முடைய குமாரன் என்றுதான் குறிப்பிட்டான்.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. நம் நாட்டிலேயே ஷில்லாங் நகரைப் பாருங்கள். 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு மிஷனரி காசி மலைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் நான்கு குரல் பாட்டை அம்மலைச் சபைகளில் ஊன்றினார்கள். அதே மண்ணில்தான் இந்தியாவின் ராக் இசை ஆழ வேர்விட்டது. லூ மாஜாவ் என்னும் இசைக்கலைஞர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று, பாப் டிலனின் பிறந்தநாளில், அங்கே நிகழ்ச்சி நடத்திவருகிறார். கடல்களுக்கு அப்பாலுள்ள ஒரு பாடகருக்காக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறாத ஒரு நாள்! நம் சபைகளில் தவறாமல் ஐம்பது ஆண்டு நடந்த வாலிபர் கூடுகை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த டிலனே 1979இல் கிறிஸ்துவைப் பாடி ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அவரைப் பழித்தவர்களில் அவருடைய பழைய இரசிகர்களே பலர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாசலில் நிற்கும் அண்ணன்மார் எல்லாப் பக்கத்திலும் உண்டு.

நம் தமிழ்ச் சபையின் வரலாறு என்ன கற்பிக்கிறது? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கர், பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி என்பது என்ன? தலைவன் உலா வரத் தலைவி காதல்கொள்ள, குறத்தி வந்து குறி சொல்லும் சிற்றிலக்கியம். அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பட்டது. அதை எடுத்து அவர் கிறிஸ்துவுக்கு அணிவித்தார். இன்று நாம் கண்மூடி உருகிப் பாடும் கீர்த்தனைகளின் இராகமும் தாளமும் சபைக்கு வெளியிலிருந்து வந்தவையே. ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆர்கனுக்கே இடமில்லை. இன்று ஆர்கன் இல்லாத ஆலயம் ஆலயமா என்று கேட்கிறோம். அண்மைக் காலத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையை ஆராதனைக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். பறைக்கு ஆலயத்தில் இடமில்லை என்றவர்கள் வேதத்தை வைத்தா அப்படிச் சொன்னார்கள்? சாதியை வைத்துச் சொன்னார்கள். ஓர் ஓசை அசுத்தமானது என்று யாரேனும் கூறும்போது, அதை வாசிக்கும் கை யாருடையது என்று நான் முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டது இவ்வரலாற்றிலிருந்துதான்.

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில், சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில், தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு அது. சென்னைக் கானாவும் ராக்கும் ராப்பும் அங்கே ஒன்றாயின. பண்டிதர் அயோத்திதாசர் கையாண்ட சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. சாதி ஒழிய வேண்டும் என்று அவர்கள் மின்கிதாரோடு பாடினார்கள். சபையின் பள்ளி மைதானத்தில் பாடப்பட்ட அப்பொருளை நம் ஆலய மேடைகளில் நாம் எத்தனை முறை பாடியிருக்கிறோம்? கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் ஊர்கள் இன்னும் நம் நடுவே உண்டு. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பாடலின் இரைச்சலை அகற்றச் சொல்லி வெறுத்துப் பேசுகிறார். அப்படிச் சொல்வது புறஜாதியாரின் பாட்டைப் பற்றி அல்ல. அது அவருடைய ஜனத்தின் ஆராதனைப் பாடல். நியாயமும் நீதியும் ஓடாத இடத்தில் ஞானப்பாட்டும் இரைச்சலே. இதை அறிந்த பின்பும் எந்த இசை தேவனுக்கு அருவருப்பானது என்று பட்டியல் தயாரிக்க நமக்குத் துணிவு வருமா?

உலகமெங்கும் ராக் இரசிகர் இன்றும் திரைப்படத்தில் பார்த்து ஏங்கும் திருவிழா ஒன்று உண்டு: 1969 ஆகஸ்ட் மாதம் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக். நான்கு இலட்சம் பேருக்கும் மேல் ஒரு பண்ணை நிலத்தில் கூடினார்கள். முதல் நாள் அந்த மேடையில் அமர்ந்து அக்கூட்டத்தை வாழ்த்தித் தொடக்கவுரை ஆற்றியவர் யார் தெரியுமா? கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்த ஒரு தமிழர், சுவாமி சச்சிதானந்தா. ஓசையின் ஆற்றலையும் சமாதானத்தையும் பற்றி அவர் பேசினார். அவருடைய உபதேசம் என் உபதேசமல்ல. ஆயினும் மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல் கூடியிருந்த அத்திரளின் முன்னே ஒரு காவி உடைக்காரர் போய் அமர்ந்தார். நாமோ அன்றும் கைப்பிரதி அச்சிட்டுக்கொண்டிருந்தோம். திரளான ஜனத்தைக் கண்டு மனதுருகினவரின் சீஷர்கள் என்று நம்மை எப்படிச் சொல்லிக்கொள்வது?

இவ்வளவும் எழுதியதால், வாலிபரே, உங்களை எச்சரிக்காமல் விட்டுவிடுவேன் என்று எண்ணாதீர்கள். நீங்கள் நேசிக்கும் இவ்வுலகத்தில் மெய்யான மரணங்கள் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன் ஆகிய மூவரும் 1970க்கும் 1971க்கும் இடையே ஓராண்டுக்குள் மாண்டார்கள். மூவருக்கும் வயது 27. இரசிகர் கூட்டமே பிணக்காடாகவும் மாறியிருக்கிறது. 1979இல் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு முண்டியடித்ததில் 11 பேர் இறந்தனர். 2021இல் ஹூஸ்டனில் ஓர் இசைவிழா நெரிசல் 10 உயிர்களைக் குடித்தது. 2023 நவம்பரில் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி தொடங்குமுன்னே நால்வர் மிதிபட்டு மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமானின் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் குடும்பங்கள் திரும்பின; நெரிசலில் தங்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் பெண்கள் முறையிட்டார்கள். இவற்றில் எதையும் தாளமோ சுரமோ செய்யவில்லை. அளவுக்கு மீறிச் சீட்டு விற்ற பேராசையும், அருகில் நிற்பவன் மூச்சுத் திணறுவதைக் காணாத மயக்கமும் செய்தன.

2025 ஜனவரியில் கோல்ட்பிளே குழு நவி மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தபோது, ஒரு சீட்டுக்கு மறுவிற்பனையில் இலட்சக்கணக்கில் விலை கூறப்பட்டது. ஒரு பட்டுச்சேலைக்கு நாள்கணக்கில் தறியில் குனிந்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம். அத்தொகை எத்தனை சேலையின் கூலி என்று நீங்களே கணக்கிடுங்கள். ஆகவே உங்களுக்கு நான் வைக்கும் கேள்விகள் மூன்று. இந்த நேசம் உங்கள் அயலானை உங்களுக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா? பாடுகிறவரை மனிதராக விட்டுவைக்கிறீர்களா, தெய்வமாக்கி அவரையும் நசுக்குகிறீர்களா? பாட்டு முடிந்தபின் நீங்கள் விழித்திருக்கிறீர்களா, மரத்துப்போகிறீர்களா? இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லுங்கள். விடை உங்களைக் குற்றப்படுத்தினால், எபேசியரைப் போல் எதை விடவேண்டுமென்பதை நீங்களே தீர்மானியுங்கள். அதை உங்களுக்காக வேறொருவர் தீர்மானிக்க இயலாது.

பெரியோரே, இதே மூன்று கேள்விகளை நம் நட்சத்திரப் பிரசங்கியாரின் கன்வென்ஷன் மேடைகளைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். வண்ண விளக்கு, புகை, ஆளுயரச் சுவரொட்டி, மின்கிதார், டிரம்ஸ் எல்லாம் அங்கேயும் உண்டு. ராக் மேடையின் கருவிகளை நாம் இரவல் வாங்கிக்கொண்டோம். அதை இசைத்தவர்களைச் சபிப்பதை மட்டும் விடவில்லை. தீர்க்கதரிசியின் வார்த்தையை இனிய பாட்டைப்போல் கேட்டு மகிழ்ந்து, அதன்படி செய்யாமற்போன ஜனத்தைப் பற்றி எசேக்கியேல் 33:32 பேசுகிறது. இரசிகர் கூட்டம் என்பது இசையரங்கில் மட்டும் இருப்பதல்ல.

இசைத்தட்டை நேசிக்கும் ஒரு வாலிபனிடம் நாம் கற்கவேண்டியதும் உண்டு. முன்னாளில் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் குவியல்களில் ஒரு தட்டுக்காக மணிக்கணக்கில் தேடினார்கள். 1985இல் அக்கட்டடம் எரிந்த பின்பும் தேடல் நிற்கவில்லை. நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். பின்பு எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த 20 நிமிடமும் அவன் அசையாமல் கேட்கிறான். உறையின் பின்புறத்தில் யார் முரசு கொட்டினார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்பதுவரை வாசித்து மனத்தில் வைத்திருக்கிறான். நம் திருமறையை அந்தக் கவனத்தோடு வாசிப்பவர் எத்தனை பேர்? கேட்கத் தெரிந்த காது தேவன் தந்த ஈவு. அக்காதை அறுத்துவிட்டுச் சுவிசேஷம் சொல்ல முடியாது. கெத்செமனேயில் பேதுரு அப்படித்தான் ஒரு காதை அறுத்தான். கர்த்தர் அதைத் தொட்டுச் சுகமாக்கினார்.

நம் கூரம் கேட்பதற்குப் புதிய ஊரன்று. இவ்வூரில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று நிலத்தில் ஒரு பங்கு ஒதுக்குகிறது. ஊர் கூடிக் கேட்பதற்குப் பங்கு ஒதுக்கிய மண் இது. கூரத்தாழ்வானைப் பற்றி நம் அயலார் வழங்கும் ஒரு வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாள் முழுவதும் அன்னமிட்டு இரவில் அவர் வீட்டுப் பெருங்கதவை அடைக்கும் ஓசை காஞ்சிக் கோயில்வரை கேட்டதாம். தன் கதவின் ஓசை அவ்வளவு தூரம் கேட்கிறது என்று அறிந்ததும் அவர் பெருமைப்படவில்லை, கூசிப்போனார். செல்வத்தையெல்லாம் துறந்து திருவரங்கம் சென்றார் என்பர். நான் கிறிஸ்துவின் ஊழியன். ஆனாலும் அந்தக் கூச்சம் எனக்கு வேண்டும் என்று விரும்புகிறேன். நம் சபைக் கதவு ஒரு வாலிபன் முகத்துக்கு நேரே அடைபடும்போது எழும் ஓசை எவ்வளவு தூரம் கேட்கிறது என்பதை நாம் அறிவோமா? அவன் அதை வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பான். கைப்பிரதி எழுதியவர் அதை மறந்துபோவார்.

ஆகையால் பெற்றோருக்கு என் வார்த்தை இது. இந்த வாரம் எதையும் கிழிக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். பிள்ளையின் அருகே உட்கார்ந்து, அவனுக்கு மிகவும் பிடித்த பாடலைப் போடச் சொல்லுங்கள். முழுவதும் கேளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அதில் குற்றமில்லை. பின்பு அவன் அதில் எதைக் கேட்கிறான் என்று கேளுங்கள். மூத்த மகன் வேலைக்காரனிடம் கேட்டதை நீங்கள் மகனிடமே கேளுங்கள். அவன் சொல்லும் விடையில் கோபம் இருக்கலாம், தனிமை இருக்கலாம், ஒருவேளை உங்களுக்குத் தெரியாத ஒரு ஜெபமும் இருக்கலாம்.

உவமையின் முடிவை லூக்கா சொல்லவில்லை. மூத்தவன் உள்ளே போனானா என்பது நமக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: இளையவனுக்காக ஓடிய அதே தகப்பன், மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தி அழைத்தார். இசையை நிறுத்திவிட்டு அழைக்கவில்லை. இசை ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே அழைத்தார். விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் பிள்ளைகள் கேட்பதைக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் அருவருப்பை உம்முடைய சித்தமென்று சொல்லாதபடி எங்களைக் காத்தருளும். நேசிக்கத் தெரிந்த வாலிப உள்ளங்களை விக்கிரகத்துக்கு இரையாக்காமல் உம்மண்டை சேர்த்துக்கொள்ளும். வாசலில் நிற்கும் எங்களை உள்ளே அழைத்துச் செல்லும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.